அன்று ஏறாத தண்ணீர்

ஆற்றின் நடுவில் ஒரு பாறை. நான்கு பேர் நெருக்கிப் படுக்கலாம், அவ்வளவுதான் இடம். அதன் மேல் நானும் கால் ஒடிந்த ஒரு வெள்ளைக்காரரும். படகு போய்விட்டது. கயிறு போய்விட்டது. தின்ன ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் ஓடும் தண்ணீர், அதற்கு அப்பால் நேராக எழும்பி நிற்கும் மலை. கத்திப் பார்த்தேன். தண்ணீர் போட்ட சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

மெர்டேக்காவுக்கு, அதாவது நம் நாட்டு விடுதலைக்கு, முந்தின வருடம், வைகாசி மாதம், இமயமலையில் நான் இருந்த நிலை இது. மலாக்கா காஜா பேராங்கில் டயருக்கு ஒட்டுப் போடுகிறவனுக்கு இமயமலையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன். கோயில் மலருக்கு அழகாக எழுத எனக்கு வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். என் மேல் தப்பு இருக்கும் இடத்தில் தப்பு என்றே எழுதுகிறேன்.

என் பெயர் சிங்காரம். வீட்டு வாசலிலேயே பட்டறை. கார், லாரி, சைக்கிள், எந்த டயர் கிழிந்து வந்தாலும் ஒட்டுவேன். என் அப்பா தோட்டத்தில் பால் வெட்டினார். நான் அந்தப் பாலில் செய்த ரப்பரை ஒட்டிப் பிழைக்கிறேன். என் மனைவி காமாட்சி இந்த காஜா பேராங்கிலேயே பிறந்த மலாக்காச் செட்டிக் குடும்பத்துப் பெண். வீட்டில் அவர்கள் பேசுவது மலாய். சாமி பெயரும் சடங்குப் பெயரும் மட்டும் தமிழ். கல்யாணம் ஆன பிறகு என்னிடம் கொஞ்சம் தமிழ் கற்றுக்கொண்டாள். நான் அவளிடம் பொறுமையைக் கற்றிருக்க வேண்டும். கற்கவில்லை.

அப்போது நில அளவை ஆபீசில் பெர்சி துரை என்று ஒருவர் இருந்தார். ஒரு நாள் இரண்டு பெரிய பைகளைக் கொண்டுவந்து என் பட்டறையில் போட்டார். பிரித்தால் மரச் சட்டங்களும் ரப்பர் பூசிய கித்தானும். சட்டங்களைச் சேர்த்துக் கித்தானை மாட்டினால் இரண்டு பேர் உட்காரும் ஒல்லிப் படகு. உட்கார்ந்தால் இடுப்புக்குக் கீழே உள்ளே போய்விடும். இரண்டு முனையிலும் அலகு வைத்த துடுப்பால் வலம் இடம் மாற்றித் தள்ள வேண்டும். பாறையில் உரசி அடிக் கித்தான் கிழிந்திருந்தது. ஒட்டிக் கொடுத்தேன். ஒட்டு நின்றது. அவருக்கு என்னைப் பிடித்துவிட்டது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் உஜோங் பாசிர் கடலில் என்னைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டுவார். துரைக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இங்கிலீஷ் வராது. மலாயில் பேசிக்கொள்வோம்; அவரை நான் 'துவான்', அதாவது ஐயா, என்பேன். பொங்கு நீர், வற்று நீர், எந்த நிலாவுக்குத் தண்ணீர் எங்கே நிற்கும், எல்லாம் அங்கே கற்றேன். மலாக்காக்காரன் தண்ணீரைக் கடலை வைத்துத்தான் அளப்பான். எங்கள் ஊர் ஆறுகூடக் கடல் சொன்னபடி ஏறும், இறங்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் முட்டாள்தனம் இதிலிருந்துதான் வந்தது.

நாடு நம் கைக்கு வரப்போகிறது என்று ஆனதும் துரை ஊருக்குக் கிளம்பினார். போகும் வழியில் இந்தியாவில் இறங்கி, பனிமலையிலிருந்து வரும் ஓர் ஆற்றில் இந்தப் படகை விட வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. "கித்தான் தினமும் கிழியும். ஒட்ட ஆள் வேணும். வர்றியா?" என்று கேட்டார். உடனே சரி என்றேன். காஜா பேராங்கில் பனியைப் பார்த்தவன் எவன் இருக்கிறான்? அந்தத் திமிர்தான். வேறு காரணம் இல்லை.

திருவிழா முடிந்துதான் கப்பல் என்று பேச்சு. அதனால் வழக்கம்போல அம்மனுக்குக் காப்புக் கட்டிக்கொண்டேன். காமாட்சி விஷக்காய்ச்சலில் கிடந்தபோது நான் நேர்ந்துகொண்டது, தீச்சட்டி எடுப்பதாக. அவள் பிழைத்து எழுந்து முட்டை பொரித்துப் போட்டாள். அந்தக் கடன். கொடி ஏறி, கையில் மஞ்சள் கயிறு கட்டியவன் திருவிழா முடிந்து காப்பு அவிழ்க்கும்வரை ஊர் எல்லை தாண்டக் கூடாது. உங்களுக்குத் தெரியாததில்லை.

கட்டிய மூன்றாம் நாள் துரை வந்தார். கப்பல் முன்கூட்டியே புறப்படுகிறது, நாளைக் காலை கிளம்ப வேண்டும் என்றார்.

நான் பூசாரியிடம் போனேன்.

"காப்பை அவுத்து விடுங்க சாமி. அவசரம்."

"அது அம்மா அவுக்க வேண்டியது தம்பி. கொடி இறங்கட்டும்."

"கப்பல் கொடிக்காக நிக்காது."

"அப்ப கப்பல் போகட்டும். நீ இரு."

"நீங்க தேங்கா மூடிய எண்ணிக்கிட்டு இங்கயே இருங்க. எனக்கு வேலை இருக்கு."

வீட்டுக்கு வந்தேன். காமாட்சி மூட்டை கட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அபாங், காப்பு சுடாஹ் இகாட். மானா போலே பெர்கி?" என்றாள். என்னை அபாங் என்றுதான் கூப்பிடுவாள். காப்புக் கட்டியாச்சே, எப்படிப் போவது என்று கேட்கிறாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குத்தான் கோபம் வந்தது. ரப்பர் சுரண்டும் கத்தியை எடுத்தேன். அவள் கண் முன்னால் கயிற்றை அறுத்து மேசை மேல் போட்டேன்.

"இப்பப் போலாம்ல?" என்றேன்.

அவள் அந்தக் கயிற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கப்பல், ரயில், பிறகு லாரி, பிறகு ஐந்து நாள் நடை. மலைக்காரர்கள் ஆறு பேர் சாமான் சுமந்தார்கள். அங்கேதான் அந்த ஆற்றை முதலில் பார்த்தேன். சாம்பலைக் கரைத்த மாதிரி நிறம். கை வைத்தால் எலும்பு வலிக்கும். தண்ணீர் ஓடவில்லை, விழுந்துகொண்டே இருந்தது. இதில் கித்தான் படகை விடுகிறவனுக்கு மூளை இருக்குமா என்று நினைத்தேன். விடப்போகிறவர்களில் நானும் ஒருத்தன்.

முதல் இரண்டு நாள் பிழைத்தோம். துரை முன்னால், நான் பின்னால். அவர் எந்தப் பக்கம் என்று கையைக் காட்டுவார், நான் தள்ளுவேன். அலை முகத்தில் அறையும், மூச்சு நிற்கும், வெளியே வருவோம். சாயங்காலம் கரையேறினால் கித்தானில் நாலு கிழிசல் இருக்கும். குளிரில் ஒட்டுப் போடும் சொலூஷன் காயாது. நெருப்பில் கல்லைச் சுட வைத்து அதன் மேல் ஒட்டை அழுத்துவேன். சுமைக்காரர்கள் மேலே மலைப்பாதையில் நடந்து, சொன்ன இடத்தில் காத்திருப்பார்கள். மூன்றாம் நாளுக்குச் சொன்ன இடம், பள்ளத்தாக்கு முடியும் இடத்தில் இருந்த ஒரு கயிற்றுப் பாலம்.

நாங்கள் அந்தப் பாலத்துக்குப் போய்ச் சேரவில்லை.

பள்ளத்தாக்குக்குள் பாதி வழியில் ஒரு கல் படகின் அடியை நீளவாக்கில் கிழித்துவிட்டது. தண்ணீர் நிறைந்து படகு மூழ்கிக்கொண்டே போனது. நல்ல காலம், ஆற்றின் நடுவில் ஒரு பெரிய பாறையும் அதன் காலடியில் கொஞ்சம் கூழாங்கல் திட்டும் இருந்தன. அதில் ஏறிவிட்டோம். அப்போது நல்ல வெயில், முற்பகல். யாருக்கும் அடியில்லை. நான் படகைக் கவிழ்த்து, துடைத்து, உப்புத்தாள் போட்டு, முழங்கை நீளத்துக்கு ஒரு ஒட்டுப் போட்டேன். மேலே கல் வைத்து அழுத்தினேன்.

துரை சொன்னார், "படகை மேலே பாறைக்குத் தூக்கிடலாம் சிங்காரம்."

நான் சிரித்தேன். "ஒட்டு காயணும் துவான். இப்ப அசைச்சா பிரிஞ்சிடும். இங்க ஏது கடலு, தண்ணி ஏர்றதுக்கு?"

"பனி உருகினா மத்தியானம் ஏறும்."

"ரெண்டு நாளா நான் பாக்கலியே."

பார்த்திருக்க வழியில்லை. இரண்டு நாளும் மத்தியானமே கரையேறி, மேட்டில் கூடாரத்துக்குப் போய்விட்டோம். சாயங்காலம் ஆற்றின் சத்தம் கூடுவதைக் கேட்டேன். காற்று என்று நினைத்தேன். கடல் இல்லாத இடத்தில் தண்ணீர் நேரம் பார்த்து ஏறும் என்று உஜோங் பாசிரில் எவனும் எனக்குச் சொல்லித் தரவில்லை. துரைக்கும் களைப்பு. "சரி, ஒட்டுக்காரன் சொன்னா கேக்கணும்" என்று சொல்லிப் பாறை மேல் ஏறிப் படுத்தார். நானும் ஏறினேன். ஈரத் துணியைக் காயப் போட்டுக் கண்ணை மூடினேன்.

எழுப்பியது துரையின் குரல். "ஆயேர் நாய்க்." தண்ணீர் ஏறுகிறது.

எழுந்து பார்த்தேன். கூழாங்கல் திட்டு இல்லை. நான் வைத்த கற்கள் இல்லை. படகு மட்டும் நிமிர்ந்து மிதந்து, ஒரு பக்கம் பாறையில் இடித்துக்கொண்டிருந்தது. துரை குதித்து அதன் மூக்கைப் பிடித்தார். கால் இரண்டு கல்லுக்கு நடுவில் மாட்டியது. தண்ணீர் படகை இழுத்தது, படகு அவரை இழுத்தது, கால் அங்கேயே நின்றது. அந்தச் சத்தம் ஆற்றுச் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது. நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து மேலே போட்டேன். படகு போனது. திட்டில் இறக்கி வைத்த சாப்பாடு, கயிறு, துடுப்பு, கம்பளி, எல்லாம் போனது.

தூக்கியிருந்தால் போயிருக்காது. நான் வேண்டாம் என்றேன். அவ்வளவுதான்.

அன்று பொழுது சாயும்போது தண்ணீர் பாறையின் உச்சிக்கு ஒரு சாண் கீழே நின்றது. அங்கே பாறையில் குறுக்காக ஒரு வெடிப்பு இருந்தது. அதுதான் அளவு. இரவைப் பற்றி எழுத மாட்டேன். விடிந்தபோது தண்ணீர் இறங்கியிருந்தது. ஆனாலும் இரண்டு பக்கமும் ஓட்டம் இருந்தது, கால் வைத்தால் அடித்துக்கொண்டு போகும். நீந்தவும் முடியாது, இருக்கவும் முடியாது. துரையின் கால் வீங்கிக் கறுத்துவிட்டது. உடம்பு கொதித்தது.

பாறை மேல் இரண்டாம் நாள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. வெயில் முதுகைச் சுட்டது. முந்தின நாளைவிட அதிகம். துரை மேலே பனியைப் பார்த்தார், வெடிப்பைப் பார்த்தார்.

"இன்னைக்கு வெடிப்பைத் தாண்டும்" என்றார். "நீ தனியா நீந்திப் பாரு. உனக்குக் கால் ரெண்டும் இருக்கு."

"வாய மூடுங்க துவான்."

"நான் உன் முதலாளி."

"முதலாளி ஆபீஸ்ல. இங்க நீங்க நொண்டி. கம்முனு படுங்க."

அவர் சிரித்தார். சிரித்ததில் வலித்து முகம் கோணியது. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் வாழ்க்கையில் எது உடைந்தாலும் கையை வைத்து ஏதாவது செய்திருக்கிறேன். ஒட்டுவேன், கட்டுவேன், இல்லை எவனையாவது அடிப்பேன். அன்று என் கையால் செய்ய ஒன்றுமே இல்லை. உட்கார்ந்து தண்ணீரைப் பார்க்க வேண்டும், அதுதான் வேலை. அதைவிடக் கேவலமான வேலை நான் செய்ததில்லை.

அம்மனைக் கும்பிட எனக்கு வாய் வரவில்லை. எந்த முகத்தோடு கும்பிடுவது? காப்பு இருந்த மணிக்கட்டைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வெறும் கை. பொழுது உச்சிக்கு வரும்போது தண்ணீர் ஏறத் தொடங்கியது. அப்போது வெட்கம் போய்விட்டது.

"அம்மா, நான்தான் அறுத்தேன். எனக்குக் கேக்க உரிமை இல்ல. இந்த மனுசன் அறுக்கல. ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். மழை மட்டும் வேணாம்."

அம்மா மழைக்காரி. நம் ஜனங்கள் எந்தக் காலத்திலும் அவளிடம் மழையைக் கேட்டுத்தான் கும்பிட்டிருக்கிறார்கள். நான் மழை வேண்டாம் என்று கும்பிட்டேன். மழை பெய்தால் ஆறு பெருகும், இது எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஏற்கெனவே ஏறுகிற ஆறு. மழையும் சேர்ந்தால் அரை மணி நேரம்கூடத் தாங்காது.

சொல்லி முடித்துக் கண்ணைத் திறந்தேன். மலைக்குப் பின்னாலிருந்து மேகம் எழும்பியது.

முதலில் ஒரு கை அளவு. பிறகு ஒரு பக்கம் முழுக்க. பிறகு சூரியனைக் காணோம். எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது. எழுந்து நின்றேன். வானத்தைப் பார்த்துத் திட்டினேன்.

"வேணாம்னுதானே கேட்டேன்? நீயெல்லாம் ஒரு தாயா? உனக்கு எதுக்குக் கொடி, உனக்கு எதுக்குத் தீச்சட்டி? கயித்த அறுத்தது நானு. என்னை எடுத்துக்க. இந்த ஆளு உனக்கு என்ன பண்ணான்?"

இதைவிட மோசமாகவும் சொன்னேன். பட்டறையில் லாரிக்காரர்களிடம் பேசும் பேச்சு. கோயில் மலரில் போடக்கூடாது.

பதிலுக்குக் கல் மாதிரி ஆலங்கட்டி விழுந்தது. துரையின் மேல் குப்புறப் படுத்து அவரை மறைத்தேன். முதுகெல்லாம் அடி. குளிர் உள்ளே ஏறிப் பல் கிட்டியது. மேலே மலை இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு திரை இறங்கியிருந்தது. முடிந்தது என்று நினைத்தேன். காமாட்சியை நினைத்தேன். அவள் மேசைமேல் கிடந்த அறுந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் கண்ணில் வந்தது. தண்ணீர் வந்து காலைத் தொடட்டும் என்று காத்துக் கிடந்தேன்.

தொடவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஆலங்கட்டி நின்று தூறல் ஆனது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். வெடிப்பு தெரிந்தது. தண்ணீர் அதற்கு இரண்டு சாண் கீழே நின்றது. என் கண்ணை நம்பாமல் ஒரு கூழாங்கல்லை நீரோரத்தில் வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன். கல்லுக்கும் தண்ணீருக்கும் நடுவே நான்கு விரல் இடம் இருந்தது. ஏற வேண்டிய நேரத்தில் ஆறு இறங்கிக்கொண்டிருந்தது.

துரையைத் தட்டிக் காட்டினேன். அவர் கல்லைப் பார்த்தார், மேலே பார்த்தார். பல் தந்தியடிக்கச் சொன்னார்:

"வெயில் இல்ல. பனி உருகல. மேல மழை இல்ல சிங்காரம், மேல பனி பெய்யுது. அது ஆத்துக்கு வராது. அங்கயே உக்காந்துக்கும்."

நான் எதை வேண்டாம் என்றேனோ அதுதான் எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. நான் கேட்டபடி அவள் செய்திருந்தால், மேகம் இல்லாமல் வெயில் அடித்திருந்தால், சாயங்காலத்துக்குள் இரண்டு பிணம். எனக்கு என்ன கேட்பது என்றுகூடத் தெரியவில்லை. அவளுக்கு என்ன கொடுப்பது என்று தெரிந்திருந்தது. நான் திட்டிக்கொண்டிருக்கும்போதே கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பாறையில் நெற்றி படக் கிடந்தேன். அழுதேன். துரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். நல்ல மனிதர்.

மூன்றாம் நாள் காலையில் ஆறு முந்தின காலையைவிடத் தாழ்ந்திருந்தது. அதுவரை கண்ணில் படாத கல் வரிசை ஒன்று இடப்பக்கம் வெளியே தெரிந்தது. அந்தக் கரையில் எங்கள் சுமைக்காரர்கள் நின்றார்கள். பாலத்தடியில் உடைந்த சட்டங்கள் ஒதுங்கியதைப் பார்த்துத் தேடி வந்தவர்கள். கல்லுக்குக் கல் தாவி, கடைசி இடைவெளிக்குக் கயிறு வீசினார்கள். துரையைக் கம்பளியில் கட்டி எடுத்துப் போனோம். அவர்களில் மூத்தவர் என் தோளைப் பிடித்து ஏதோ சொன்னார். அவர்கள் பேச்சு துரைக்குக் கொஞ்சம் தெரியும்.

"என்ன சொல்றாரு துவான்?"

"இன்னும் ஒரு வெயில் நாள் அடிச்சிருந்தா சவத்தைத் தேடித்தான் வந்திருப்போம்ங்கிறாரு."

துரை அங்கே ஆஸ்பத்திரியில் படுத்துப் பிறகு தன் ஊர் போனார். பிழைத்துவிட்டார், இப்போது கைத்தடியோடு நடக்கிறார் என்று கடிதம் வந்தது. படகைத் தூக்க வேண்டாம் என்று சொன்னது யார் என்று அதில் ஒரு வரிகூட எழுதவில்லை. நான்தான் பதிலில் எழுதி மன்னிப்புக் கேட்டேன்.

நான் மலாக்கா வந்து சேரும்போது கொடி இறங்கி வெகுநாள் ஆகியிருந்தது. வாசலில் காமாட்சி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கையைத் தூக்கியபோது பார்த்தேன். அவள் மணிக்கட்டில் ஒரு மஞ்சள் கயிறு. நான் அறுத்த கயிறு. முனைகளை முடிச்சுப் போட்டுச் சேர்த்திருந்தாள். மஞ்சள் வெளுத்து அழுக்கேறியிருந்தது.

அக்கம்பக்கத்தார்தான் மீதியைச் சொன்னார்கள். நான் போன அன்றே அதை எடுத்துக் கட்டிக்கொண்டாளாம். அதற்குப் பிறகு காஜா பேராங்கை விட்டு ஓர் அடி வெளியே வைக்கவில்லை. பண்டார் ஹிலிர் கடைக்குப் போகவில்லை. உஜோங் பாசிரில் அவள் தங்கைக்குத் தலைப்பிரசவம். ஆள் மேல் ஆள் வந்து கூப்பிட்டும் போகவில்லை. தங்கை இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள். திருவிழா முடிந்ததே, அவிழ்க்கிறேன் வா என்று பூசாரியே கேட்டாராம். கட்டிக்கொண்டவர் வரட்டும் என்று சொல்லிவிட்டாளாம்.

"ஏன்டி இப்படி?" என்று கேட்டேன்.

"சோராங் பெர்கி, சோராங் மெஸ்தி ஜாகா" என்றாள். பிறகு எனக்குப் புரியவில்லையோ என்று தமிழிலும் சொன்னாள். "ஒராளு போனா, ஒராளு காவல் இருக்கணும்தானே, அபாங்."

அன்று மாலை இருவரும் கோயிலுக்குப் போனோம். பூசாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தேங்கா மூடி எண்ணி முடிச்சிட்டேன் தம்பி, வா" என்றார். அவர் காலில் விழுந்தேன். அவள் கையிலிருந்து கயிற்றை அவிழ்த்து அம்மன் காலடியில் வைத்தார்.

அடுத்த வருடம் நாடு விடுதலை ஆவதற்கு முன் வந்த திருவிழாவில் தீச்சட்டி எடுத்தேன். அதிலிருந்து ஒரு வருடமும் விடவில்லை. என் கோபம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். போன வாரம்கூட ஒரு லாரிக்காரனிடம் கத்தினேன். ஆனால் அம்மனிடம் கத்துவதில்லை. இன்னது கொடு, இன்னது கொடுக்காதே என்று சொல்வதையும் விட்டுவிட்டேன். "பார்த்துக்க" என்று மட்டும் சொல்கிறேன்.

இதைப் படிக்கிற உங்களில் யாராவது ஒரு பாறை மேல் உட்கார்ந்திருக்கலாம். கையால் செய்ய ஒன்றும் இல்லாமல், கேட்டதற்கு நேர்மாறாக மேகம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். வாயில் வந்ததைக் கத்தினாலும் பரவாயில்லை, அவள் கேட்டுக்கொள்வாள், நான் சாட்சி. கத்தி முடித்ததும் குனிந்து தண்ணீர் எங்கே நிற்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

இந்த வருடமும் கொடி ஏறப்போகிறது. காப்புக் கட்டிக்கொள்ளப் பயமாக இருந்தால் என் பட்டறைக்கு வாருங்கள். நானும் காமாட்சியும் கூட வந்து நிற்கிறோம்.